குட்டிக் காரில் வந்த பொலிஸும் நான் இல்லாத வீடும்

1. ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பலேர்மோவின் வியா மக்வேதா தெருவிலிருந்து பிரியும் எங்கள் ஒழுங்கையின் வாயில் வெள்ளை நிறக் குட்டிப் பொலிஸ் கார் ஒன்று வந்து நின்றது.

2. அதற்குள்ளிருந்து இரண்டு பெரிய மனிதர்கள் இறங்கினார்கள். இறங்கி முடிக்கக் கொஞ்ச நேரம் பிடித்ததாம்.

3. எங்கள் வீட்டுக் கதவைத் தட்டி, என் பெயரைச் சொல்லி, இந்தப் பெண் இங்கேதான் வசிக்கிறாளா என்று கேட்டார்கள்.

4. என்னோடு ஒரே அறையில் இருக்கும் அக்கா கதவைத் திறந்து, அப்படி ஒருத்தி இங்கே இல்லை, முன்பும் இருந்ததில்லை, அந்தப் பெயரையே இன்றைக்குத்தான் கேள்விப்படுகிறேன் என்றார்.

5. அவர்கள் நன்றி சொல்லி, அதை எழுதிக்கொண்டு போனார்கள்.

6. அந்த நேரத்தில் நான் பணக்காரப் பகுதியான லிபெர்த்தாவில், நான் வேலை செய்யும் ஒரு சிஞ்ஞோராவின் வீட்டில், அவருடைய கணவரின் சட்டைகளை இஸ்திரிப்பெட்டியால் மினுக்கிக்கொண்டு இருந்தேன். இருந்தேன் என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

அக்கா என்றால் என்னுடன் பிறந்தவர் அல்ல. யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி இருந்தவர். பலேர்மோவுக்கு எனக்கு முன்பே வந்து, ஒரு முதிய தம்பதியைப் பராமரிக்கும் வேலையில் இருந்தார். பகல் வீட்டில், இரவு வேலையில். அதனால் எங்கள் இருவருக்கும் ஒரு அறை தாராளமாகப் போதும். வீட்டுக் கதவுக்குத் தன்னைத் தானே காவலாக நியமித்துக்கொண்டவர்.

செய்ததை அவர் மறைக்கவில்லை. மாலையில் நான் வந்தபோது, முருங்கைக்காய் இல்லாத குறையைக் கத்தரிக்காயால் தீர்த்துக்கொண்டே, ஓட்டப் போட்டியில் பரிசு வாங்கிய பிள்ளையைப் போலச் சொன்னார்.

"பிள்ளை, இண்டைக்கு உன்னைத் தேடிப் பொலிஸ் வந்தது. நான் கலைச்சுப்போட்டன்."

"என்னையோ? என்ன கேட்டவை?"

"நீ இஞ்சை இருக்கிறியோ எண்டு. நான் ஆரப்பா அது எண்டன். முகத்திலை ஒரு அசுகையும் காட்டேல்லை. உன்ரை செருப்பு வாசலிலை கிடந்தது. அதையும் காலாலை உள்ளுக்கை தள்ளிப்போட்டன்."

"என்ன கார் அக்கா?"

"அதை ஏன் கேக்கிறாய்? தீப்பெட்டி மாதிரி ஒண்டு. மேலை ஒரு நீலக் குமிழ். ஒருத்தருக்கு இவ்வளவு மீசை. மற்றவர் தென்னைமரம். அதுக்குள்ளை எப்பிடி மடிஞ்சு இருந்தினமோ தெரியேல்லை."

நான் கதிரையில் இருந்துவிட்டேன்.

"அக்கா, அவையை வரச்சொன்னதே நான்தான்."

இந்த நாட்டில் ஒரு வீட்டில் குடியிருக்கிறோம் என்று நாமே சொன்னால் போதாது. நகரசபையில் விண்ணப்பிக்க வேண்டும். பிறகு நகரசபைப் பொலிஸ் முன்னறிவிப்பில்லாமல் ஒருநாள் வந்து, ஆள் உண்மையில் இருக்கிறதா, கட்டில் இருக்கிறதா, கட்டிலில் படுத்த அடையாளம் இருக்கிறதா என்று பார்க்கும். பார்த்தால்தான் வதிவிடப் பதிவு. பதிவு இருந்தால்தான் அடையாள அட்டை. அடையாள அட்டை இருந்தால்தான், என் விடயத்தில், மேசை.

நான் யாழ்ப்பாணத்தில் தொழில்நுட்பக் கல்லூரியில் படவரைஞர் படிப்பை முடித்தவள். பலேர்மோவில் அந்தப் படிப்பு, சட்டைக் கையின் மடிப்பு நேர்கோடாக விழ உதவியது. வேறு பயன் இருக்கவில்லை. சிஞ்ஞோராவின் குளிர்சாதனப் பெட்டியில் சாமான் பட்டியல் எழுதி ஒட்டுவதும் என் வேலை. பழக்கதோஷத்தில் அதைக் கட்டட வரைபடத்து எழுத்தில், மேலும் கீழும் மெல்லிய கோடு இழுத்து எழுதுவேன். சிஞ்ஞோராவின் மைத்துனர் வீடுகளை அளந்து வரைபடம் போடுபவர். ஒரு நாள் சாப்பிட வந்தவர் பால், வெண்ணெய், சவர்க்காரம் என்ற பட்டியலின் முன் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். யாருடைய கை இது என்று கேட்டார். அடுத்த வாரம் ஒரு துண்டுத் தாளில் படிக்கட்டு ஒன்றை வரையச் சொன்னார்.

அவருடைய அலுவலகத்தில் வரைந்துகொண்டிருந்த பெண் மாத முடிவில் கல்யாணம் செய்துகொண்டு ஜெனோவாவுக்குப் போகிறாள். அந்த மேசை எனக்கு. ஆனால் சட்டப்படி எடுப்பதென்றால் அடையாள அட்டை வேண்டும்.

"மாத முடிவுவரை பார்க்கிறேன்," என்றார். "கிடைக்காவிட்டால் என் மனைவியின் ஒன்றுவிட்ட தங்கையின் மகளை எடுத்தாக வேண்டும். அவளுக்கு வரையத் தெரியாது. ஆனால் முகவரி இருக்கிறது."

இதையெல்லாம் அக்காவுக்கு முன்பே சொல்லியிருந்தேன். மேசை பற்றிச் சொன்னேன், அட்டை பற்றிச் சொன்னேன். பொலிஸ் வரும் என்பதை மட்டும் சொல்லவில்லை. அது சொல்ல வேண்டிய விடயமென்று எனக்குத் தோன்றவில்லை. நகரசபையில் பணிவாகச் சொன்ன நேரத்தில் அது மின்மானி வாசிக்க வருவதைப் போலத்தான் கேட்டது.

மறுநாள் நகரசபைக்குப் போனேன். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த மனிதர் என் விண்ணப்பக் கோவையைத் திறந்து பார்த்துவிட்டு மிகவும் அனுதாபத்துடன் சொன்னார்:

"சிஞ்ஞோரினா, நீங்கள் காணப்படவில்லை."

"நான் இதோ நிற்கிறேனே."

"இங்கே நிற்கிறீர்கள். அங்கே இல்லை. உங்கள் வீட்டில் இருப்பவரே சொல்லியிருக்கிறார்."

இந்த மாதத்துக்குள் இன்னும் ஒரு முறை வருவார்கள், எந்தக் காலை என்று சொல்ல முடியாது, அப்போதும் காணப்படாவிட்டால் புதிதாக விண்ணப்பிக்கலாம் என்றார். புதிதாக விண்ணப்பித்தால் எவ்வளவு காலம் என்று கேட்டேன். அவர் தோள்களை உயர்த்திக் கைகளை விரித்தார். பலேர்மோவில் அது ஒரு கால அளவு.

சிஞ்ஞோராவிடம் பேசி, மாத முடிவுவரை மதியத்துக்குப் பின் வேலைக்கு வருவதாக ஒப்புக்கொண்டேன். சட்டைகளுக்குக் குறை வரக்கூடாது என்பது அவருடைய நிபந்தனை. அது முடிந்தது. மிச்சம் அக்கா.

அக்காவுக்கு இந்த நாட்டுப் பொலிஸை விளங்கப்படுத்தப் பார்த்தேன். இங்கே சீருடைகள் பல வகை. வதிவிட அனுமதியான பெர்மெஸ்ஸோ பார்ப்பவர்கள் வேறு, கள்ளனைப் பிடிப்பவர்கள் வேறு, கடைக்காரனின் பற்றுச்சீட்டைப் பிடிப்பவர்கள் வேறு. நகரசபைப் பொலிஸ் வாகன நெரிசலையும், நடைபாதையில் கிடக்கும் தக்காளிப் பெட்டியையும், என் கட்டிலையும் பார்ப்பவர்கள். காரைப் பார்த்தாலே கண்டுபிடித்துவிடலாம் என்பது என் கொள்கை. அலுவல் பெரிதாகப் பெரிதாகக் காரும் பெரிதாகும். நீளமான கார் என்றால் கொஞ்சம் யோசிக்கலாம். குட்டிக் கார் என்றால் தேத்தண்ணி போடலாம். அந்தக் காருக்குள் இரண்டு பேர் ஏறினால் அது முட்டையில் குந்தும் கோழியைப் போலப் பதியும். அதன் சங்கு ஊதினால் தாயைத் தொலைத்த ஆட்டுக்குட்டி என்று தெரு திரும்பிப் பார்க்கும். கைதுசெய்யப்பட்டவரை இருத்த அதில் இடமே இல்லை. பின் இருக்கையில் தொப்பிகளும் மழைக்கோட்டும் போகும்.

அக்கா எல்லாவற்றையும் கேட்டார்.

"கார் சின்னனெண்டாப் பொலிஸும் சின்னனோ?" என்றார். "சின்னப் பாம்பெண்டாலும் பெரிய தடி எடு எண்டுதான் எங்களுக்குச் சொல்லித் தந்தது."

"இது பாம்பில்லை அக்கா. மண்புழு."

"அதை நீ தூக்கிப் பாத்தனியோ?"

சரி, ஒத்திகை பார்ப்போம் என்றேன். ஒரேயொரு இத்தாலிய வசனம். 'ஸீ, அபித்தா குவி.' ஓம், இங்கேதான் வசிக்கிறாள். நான் வெளியே போய், அக்காவின் குளிர்த்தொப்பியைப் போட்டுக்கொண்டு கதவைத் தட்டினேன். அக்கா திறந்தார்.

"இந்தப் பெயருள்ள சிஞ்ஞோரினா இங்கே வசிக்கிறாளா?"

"இல்லை," என்றார் அக்கா, இத்தாலியனில், மிகத் தெளிவாக.

மறுபடியும் தட்டினேன். மறுபடியும் இல்லை. மூன்றாம் முறை, 'ஸீ' என்று தொடங்கி, மூச்சை உள்ளே இழுத்து, "ஊருக்குப் போயிட்டா" என்று தமிழில் முடித்தார்.

"அக்கா, என்ன விளையாட்டோ?"

"விளையாட்டில்லைப் பிள்ளை. வாய் தானாச் சொல்லுது." அவர் தொப்பியை என் தலையிலிருந்து எடுத்து மடித்தார். "ஊரிலை ஒருக்கா ஆமி வந்து பேர் சொல்லிக் கேட்டவங்கள். நான் ஓம் எண்டு சொன்னனான். எங்கடை தம்பியைத்தான் கேட்டவங்கள்."

மிச்சத்தை அவர் சொல்லத் தேவையில்லை. எனக்கும் தெரியும். இரண்டு தெரு தள்ளி இருந்தவள்தானே. பவள் என்ற கவச வண்டி அன்றைக்கு அவனோடு எங்கள் ஊர் ஒழுங்கை வேலியையும் சேர்த்துக்கொண்டு போனது. தொப்பியை வாங்கி ஆணியில் கொழுவினேன். ஒத்திகையை அத்துடன் விட்டோம்.

ஆகவே என் திட்டம் எளிமையானது. கதவை நானே திறப்பது. அக்காவை அடுப்படியில் வைப்பது. வீட்டுக் கதவில் என் பெயரைக் கட்டட வரைபடத்து எழுத்தில் ஒட்டினேன். கட்டிலின் மேல் என் படத்தையும், படுத்த அடையாளத்துக்குக் கொஞ்சம் கசங்கலையும் வைத்தேன். ஒவ்வொரு காலையும் குளித்து உடுத்து, குடியிருப்பவளைப் போலக் குடியிருந்தேன். அது நினைப்பதைவிடக் களைப்பான வேலை.

மாத முடிவுக்குக் கொஞ்ச நாட்கள் இருக்கையில், நல்ல மழையில், அவர்கள் வந்தார்கள்.

முதல் முறை காரை ஒழுங்கை வாயில் விட்டு நடந்து வந்தவர்கள், இந்த முறை நனைய விரும்பவில்லை. எங்கள் ஒழுங்கை புனலைப் போன்றது. வாயில் அகலமாக இருக்கும். எங்கள் வீட்டு வாசலுக்கு வரும்போது, எதிர்வீட்டுக்காரர் தன் இஷ்டத்துக்குக் கட்டிய வெளிப்படிக்கட்டினால் ஒடுங்கிவிடும். குட்டிக் கார் நம்பிக்கையோடு உள்ளே நுழைவதை யன்னலால் கண்டேன். எங்கும் போகும் கார் என்ற நம்பிக்கை. தொழில் படித்தவள் என்ற முறையில் எனக்கு விளைவு உடனே தெரிந்தது. வாசலுக்கு ஓடி, இரண்டு கைகளையும் உயர்த்தி, நிறுத்துங்கள் என்று வீசினேன்.

ஓட்டிக்கொண்டிருந்த நெட்டையர், ஒருத்தி மழையில் நின்று வரவேற்கிறாளே என்று மகிழ்ந்து, வேகத்தைக் கூட்டினார்.

கார் எங்கள் வாசலுக்கு நேரே வந்து, ஒரு பக்கம் எதிர்வீட்டுப் படிக்கட்டிலும் மறுபக்கம் வண்டி இடிக்காமல் எங்கள் சுவரோரம் நட்டிருந்த காவல் கல்லிலும் கச்சிதமாகப் பொருந்தி நின்றது. மூடி போட்டதைப் போல. நெட்டையர் பின்னோக்கி எடுக்கப் பார்த்தார். நூற்றாண்டுகளாக மனிதர் நடந்து மினுங்கிய தரைக்கல், மழையில் சவர்க்காரமாகிவிட்டது. சில்லுகள் சுற்றின. கார் அசையவில்லை. கதவைத் திறந்தார். ஒரு கை போகும் அளவுக்குத் திறந்தது. மீசைக்காரர் தன் பக்கத்தைத் திறந்தார். அவர் பக்கம் விரல் போகும் அளவு.

மீசைக்காரர் யன்னல் கண்ணாடியைச் சுற்றி இறக்கினார். எனக்கும் அவருக்கும் இடையில் இருந்தது ஒரு சாண்.

"காலை வணக்கம்," என்றார், நடந்தது எதுவும் நடக்காததைப் போல. என் பெயரை வாசித்தார்.

"நான்தான்," என்றேன். "இங்கேதான் வசிக்கிறேன். இதுதான் வாசல்."

"மகிழ்ச்சி. ஆனால் உள்ளே வந்து பார்க்க வேண்டும் என்பது விதி."

"வாருங்கள்."

அவர் கதவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "அதுதான் பிரச்சினை," என்றார். "இன்றைக்குப் பார்க்க முடியவில்லை என்று எழுதிவிடட்டுமா? அடுத்த மாதம் வரலாம்."

அடுத்த மாதம் என் மேசையில் ஒன்றுவிட்ட தங்கையின் மகள் இருப்பாள்.

எதிர்வீட்டு மாடத்தில் ஒரு சிசிலியக் கிழவர் பனியனோடு தோன்றி நிலைமையை ஆராய்ந்தார். "அப்படியே விட்டுவிடுங்கள்," என்று கீழே கத்தினார். "கூரையை வெட்டி மண் போட்டால் பசிலிக்கோச் செடி வைக்கலாம்."

"நாலு பேர் பிடித்துத் தூக்கினால் வந்துவிடும்," என்றார் நெட்டையர். அவருடைய முழங்கால்கள் சுக்கானின் இரண்டு பக்கமும் காதளவுக்கு நின்றன. "வீட்டில் ஆண்கள் இருக்கிறார்களா?"

அப்போதுதான் கவனித்தேன். எங்கள் வீட்டில் சத்தமே இல்லை. மேல்மாடியில் மன்னார்ப் பக்கத்து அண்ணன்மார் இருந்தார்கள். ஊரில் கடற்தொழில் செய்தவர்கள், இங்கே துறைமுகத்தில் பெட்டி ஏற்றுபவர்கள், உணவகங்களில் கோப்பை கழுவுபவர்கள். வழக்கமாகக் காலையில் வானொலி, இருமல், யாருடைய சாரத்தை யார் உடுத்தது என்ற விசாரணை எல்லாம் கேட்கும். நீலக் குமிழைக் கண்டதும் வீடு முழுதும் மூச்சைப் பிடித்துக்கொண்டுவிட்டது. அவர்களில் இரண்டு பேருக்கு இன்னும் பெர்மெஸ்ஸோ இல்லை. அடுப்படியிலிருந்து அக்காவின் தலை எட்டிப் பார்த்தது. கேள்வி அவர் காதில் விழுந்துவிட்டது.

"ஆம்பிளையள் இல்லை," என்றார் உடனே, இத்தாலியனில். "ஒருத்தரும் இல்லை."

"அக்கா!"

"நான் உன்னைச் சொல்லேல்லை. மற்றவையைச் சொன்னனான்."

நான் வாசலிலிருந்து தலையை நீட்டி மேலே பார்த்தேன். மூத்தவரை நாங்கள் சம்மாட்டி அண்ணை என்று கூப்பிடுவோம். ஊரில் சொந்தமாக வள்ளமும் வலையும் வைத்திருந்தவர்.

"சம்மாட்டி அண்ணை!"

மேலே யன்னல் பலகை சாத்தியே இருந்தது.

"அண்ணை, நீங்கள் உள்ளுக்கை இருக்கிறது தெரியும். கருவாடு பொரிக்கிற மணம் வருது."

யன்னல் பலகை விரலளவு திறந்தது. "நாங்கள் இல்லையெண்டு சொல்லு தங்கச்சி."

"அண்ணை, ஒரு காரைத் தூக்க வேணும்."

"ஆற்றை கார்?"

"பொலிஸ்கார்."

"தூக்கி எங்கை போடுறது? கடலிலையோ?"

"ஒழுங்கை வாயிலை வைச்சாக் காணும். அவை இறங்கி வந்து என்ரை கட்டிலைப் பாக்க வேணும். இண்டைக்குப் பாக்காட்டி எனக்கு அந்த வேலை இல்லை அண்ணை."

பலகைக்குப் பின்னால் கதைத்தார்கள். மேசை விடயம் வீடு முழுவதற்கும் தெரியும்.

"ஏன், அவைக்கு இறங்க ஏலாதோ?"

"ஏலாது. கதவு திறக்குதில்லை."

"ரெண்டு பக்கமுமோ?"

"ரெண்டு பக்கமும்."

யன்னல் பலகை இன்னும் ஒரு விரல் திறந்தது. பிறகு சம்மாட்டி அண்ணையின் குரல் தெளிவாகக் கேட்டது. "அப்ப அவையாலை எங்களைப் பிடிக்கவும் ஏலாது. வாங்கோடா."

காருக்குப் பின்பக்கமாக இருந்த மேல்மாடிப் படியால் இறங்கி வந்தார்கள். சாரத்தை மடித்துக் கட்டிய ஐந்து பேர், பனியன் இல்லாத இரண்டு பேர், பாதி முகத்தில் சவர்க்கார நுரையோடு ஒருவர். பெர்மெஸ்ஸோ இல்லாத இருவரும் வந்தார்கள். அவர்களை நிற்கச் சொன்னதாகவும், ஒரு பொலிஸ்காரைத் தூக்கும் வாய்ப்பு வாழ்க்கையில் இன்னொருமுறை வராது என்று அவர்கள் மறுத்ததாகவும் பிறகு கேள்விப்பட்டேன்.

சம்மாட்டி அண்ணை காரைச் சுற்ற முடியாததால் குனிந்து அடியைப் பார்த்தார். கரையேறிய வள்ளத்தைப் பார்ப்பதைப் போல.

"பின்பக்கத்தைக் கிளப்பி இந்தப் பக்கமா விலத்தினாக் கல்லு விடும். பேந்து இழுக்கலாம். காருக்குப் பாரமில்லைத் தங்கச்சி, பாரமெல்லாம் மீசைதான். அவரை முன்னுக்குச் சாயச் சொல்லு."

நான் மொழிபெயர்த்தேன். மீசையை விட்டுவிட்டு மொழிபெயர்த்தேன். இரண்டு பேரும் முன் கண்ணாடியில் கன்னத்தை வைத்துத் தொப்பியை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டார்கள். அண்ணன்மார் பின்னால் போய்க் குனிந்தார்கள்.

"ஏலேலோ..."

"ஐலசா!"

"ஏலேலோ..."

"ஐலசா!"

மன்னார்க் கடற்கரையில் விடியற்காலையில் கேட்க வேண்டிய சத்தம், பலேர்மோ ஒழுங்கையில் இரண்டு சுவருக்கும் இடையில் பட்டு இரண்டு மடங்காகக் கேட்டது. கார் ஒரு முனகலோடு கல்லைவிட்டுக் கிளம்பியது. மாடங்களில் எல்லோரும் வந்துவிட்டார்கள். கிழவர் பசிலிக்கோவை மறந்து கைதட்டித் தாளம் போட்டார். நெட்டையர் எப்படியோ நீலக் குமிழை எரியவிட்டுவிட்டார். அது சுழன்றபடி, கார் பின்பக்கமாக, மழையில், பாட்டோடு, ஒரு திருவிழாச் சுரூபத்தைப் போல ஒழுங்கை வாயை நோக்கி ஊர்ந்தது. நான் முன்னால் நடந்தேன். அதாவது பின்னால்.

அகலமான இடம் வந்ததும் கதவுகள் திறந்தன. இருவரும் இறங்கி முதுகை நிமிர்த்தினார்கள். அண்ணன்மாருக்குப் பாட்டு நின்றதும் நிலைமை ஞாபகம் வந்தது. இப்போது அவர்களால் பிடிக்க முடியும். ஒவ்வொருவராகச் சுவரோரம் நகரத் தொடங்கினார்கள்.

"நில்லுங்கள்," என்றார் மீசைக்காரர்.

நின்றார்கள். நுரை முகத்தில் மழை வழிந்தது.

மீசைக்காரர் ஒருவர் விடாமல் எல்லோருக்கும் கை கொடுத்தார். பிறகு என்னிடம் திரும்பி, "எந்த வீடு என்று சொன்னீர்கள்?" என்றார்.

உள்ளே வந்தார்கள். கட்டிலைப் பார்த்தார்கள். கசங்கலைப் பார்த்தார்கள். என் வரைகோலையும் முக்கோணங்களையும் பார்த்தார்கள். சுவரில் பிள்ளையார் படத்துக்கு முன்னால் நெட்டையர் தொப்பியைக் கழற்றினார். யாரென்று தெரியாவிட்டாலும் மரியாதை மரியாதைதான். எல்லாம் சரியாகப் போகிறது என்று நினைத்தபோது, மீசைக்காரர் அடுப்படி வாசலில் நின்ற அக்காவைக் கண்டார்.

"சிஞ்ஞோரா," என்றார், "சென்ற முறை உங்களோடுதான் பேசினேன். இப்படி ஒரு பெண்ணே இல்லை என்றீர்கள். அது பதிவில் இருக்கிறது. நீங்களே மாற்றிச் சொன்னால் எனக்கு இலகு. இவர் இங்கே வசிக்கிறாரா?"

அக்காவின் கையில் அகப்பை இருந்தது. அதிலிருந்து குழம்பு நிலத்தில் சொட்டியது. வாயைத் திறந்தார். மூடினார். சீருடையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். ஒத்திகையில் நான் பார்த்த முகம்தான். எந்தச் சொல் வரப்போகிறது என்று எனக்குத் தெரிந்தது. அதற்காக அவரைக் கோபிக்க மாட்டேன் என்று அப்போதே தீர்மானித்துவிட்டேன்.

"ஸீ," என்றார் அக்கா.

நாங்கள் காத்திருந்தோம்.

"அபித்தா." வசிக்கிறாள். குரல் நடுங்கியது. பிறகு அணை உடைந்ததைப் போல வந்தது. "ஸெம்ப்ரே அபித்தா. த்ரோப்போ அபித்தா!" எப்போதும் வசிக்கிறாள். அளவுக்கு மிஞ்சி வசிக்கிறாள். குளியலறையை அகப்பையால் சுட்டிக்காட்டி, காலையில் அதற்குள் போனால் வெளியே வருவதில்லை என்றும், சுவரெல்லாம் பட்டியல் ஒட்டுகிறாள் என்றும், உப்பு எங்கே வைக்க வேண்டும் என்பதற்குக்கூட ஒரு பட்டியல் இருக்கிறது என்றும், பாதி இத்தாலியனிலும் பாதி தமிழிலும் சொன்னார். மீசைக்காரர் தலையாட்டி எழுதினார். அவர் வீட்டிலும் மகள் இருந்திருக்க வேண்டும்.

"நல்லது. வேறு யார் வசிக்கிறார்கள்?" அவர் கண் கதவுக்குப் போனது. அங்கே அண்ணன்மார் ஈரம் சொட்டச் சொட்ட நின்றார்கள். "இவர்கள்?"

"உவையோ?" என்றார் அக்கா. குரலில் நடுக்கம் போய்விட்டது. தெரிந்த வேலைக்குத் திரும்பியவரின் நிம்மதி. "உவையை எனக்குத் தெரியாது. றோட்டாலை போன ஆக்கள்."

நான் மொழிபெயர்த்தேன்.

"சாரத்தோடா?" என்றார் நெட்டையர்.

மீசைக்காரர் அண்ணன்மாரை ஒருமுறை பார்த்தார். வெறுங்காலையும் நுரையையும் பார்த்தார். மேல்மாடியில் கருவாடு கருகும் மணத்தையும் நிச்சயம் மணந்திருப்பார்.

"மழையில் பாதைசாரிகளுக்கு எதுவும் நேரலாம்," என்று சொல்லிக் கோவையை மூடினார்.

அவர்கள் போனபின் அக்கா கதவுநிலையில் இருந்துவிட்டார். அகப்பை இன்னும் கையில்தான்.

"சொல்லிப்போட்டன் பிள்ளை."

"ஓம் அக்கா."

"அவை உன்னைக் கொண்டுபோகேல்லை."

"இல்லை அக்கா."

அவர் ஒழுங்கையைப் பார்த்தார். அங்கே காவல் கல்லில் வெள்ளைப் பூச்சு ஒரு கோடாக ஒட்டியிருந்தது.

"அப்ப என்னத்துக்கு இருக்கிறாய்? போய்ச் சட்டையை மினுக்கு. நேரமாகுது."

அடையாள அட்டை கிடைத்தது. மாத முடிவுக்குக் கொஞ்சம் பிந்தித்தான் கிடைத்தது. ஆனால் பதிவு முடிந்துவிட்டது என்று கண்ணாடிக்குப் பின்னால் இருந்த மனிதர் கொடுத்த துண்டே மைத்துனருக்குப் போதுமாக இருந்தது. இப்போது காலையில் அவருடைய அலுவலகத்தில் வரைகிறேன். சனிக்கிழமைகளில் சிஞ்ஞோரா வீட்டுச் சட்டைகள். ஒன்றுவிட்ட தங்கையின் மகள் அங்கேயே தொலைபேசி அழைப்புகளை எடுக்கிறாள். நன்றாகவே எடுக்கிறாள். பெர்மெஸ்ஸோ இல்லாத இருவரில் ஒருவருக்கு வந்துவிட்டது. மற்றவர் காத்திருக்கிறார். நகரசபைக் குட்டிக் கார் எங்கள் பக்கம் வந்தால் ஒழுங்கை வாயிலேயே நிற்கிறது. மீசைக்காரர் யன்னலால் கை காட்டுவார். சம்மாட்டி அண்ணை அவரைக் கண்டால் "ஏலேலோ" என்று மட்டும் சொல்வார்.

அக்காவின் வதிவிடப் பதிவுக்கான விண்ணப்பத்தை நான் நிரப்பி வைத்திருக்கிறேன். அவர் இன்னும் கையெழுத்திடவில்லை. நகரசபையின் பதிவின்படி எங்கள் வீட்டில் வசிப்பது நான் ஒருத்தி மட்டும்தான்.